செங்கோலும் முதுகும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



கிரேக்க நாட்டுக் காவிய வீரனான ஒடிசியஸ் என்பவனைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நாம் கிரேக்க பாஷை கற்றவர்களல்ல. பெரிய கலாசாலைகளில் வாசித்துப் பட்டம் பெற்றவர்களுமல்ல. நம்மால் முடிந்ததெல்லாம் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பிடித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தை மூன்று நான்கு தடவை வாசிப்பதுதான். ஆனால் அப்படி வாசிப்பதில் ஒரு சவுகரியமும் இருக்கின்றது. எந்த இடத்தில் "ஆஹா" என்று தலையாட்ட வேண்டுமென்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆதலால் எல்லா இடத்திலும் நின்று, "இது ஏன்? இதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டுக்கொண்டே போக முடிகின்றது. அப்படிக் கேட்டதில் நமக்குப் பட்டதைச் சொல்லுகின்றோம். சரியென்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கதையும் காலமும்

ஹோமர் என்ற பெயரால் வழங்குவது இரண்டு காவியங்கள். ஒன்று இலியட்; மற்றொன்று ஒடிசி. ஒவ்வொன்றும் 24 காண்டம். இலியட் 15,000 வரிகளுக்கு மேற்பட்டது. ஒடிசி 12,000 வரிகளுக்கு மேற்பட்டது. இவை கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானவை என்று ஆராய்ச்சிக்காரர்களில் பலர் சொல்லுகின்றார்கள்.

கதை சுருக்கம் இதுதான். இன்றைய துருக்கி நாட்டின் வடமேற்கு மூலையில் ட்ராய் என்று ஒரு நகரம். அந்த நகரத்து இளவரசன் பாரிஸ், ஸ்பார்ட்டா அரசனுடைய மனைவி ஹெலனைக் கொண்டுபோய் விட்டான். அதற்காக அரசனுடைய அண்ணன் அகமெம்னன் தலைமையில் கிரேக்கச் சிற்றரசர்கள் எல்லாரும் படையெடுத்துப்போய் 10 வருஷம் முற்றுகையிட்டார்கள். இதாக்கா என்ற சிறு தீவின் அரசனான ஒடிசியஸ் 12 கப்பல் ஆட்களோடு போனான். மரக்குதிரைக்குள் ஆட்களை ஒளித்துவைத்து ட்ராய் நகரத்தைப் பிடித்த தந்திரத்தில் இவனே முதல்வன். பிறகு வீடு திரும்ப இவனுக்கு 10 வருஷம் ஆயிற்று. அதற்குள் இவன் வீட்டில் 108 பிரபுக்கள் வந்து உட்கார்ந்து, இவன் மனைவி பெனலோப்பியைத் தங்களில் ஒருவனுக்கு மாலையிடச் சொல்லி, இவன் ஆட்டையும் மாட்டையும் பன்றியையும் தின்றுகொண்டிருந்தார்கள். இவன் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, அத்தனை பேரையும் கொன்று, மனைவியையும் அரசையும் அடைந்தான். ரோமர்கள் யுலிசிஸ் என்பதும் இவனைத்தான்.

இதெல்லாம் நடந்ததா? சரித்திரமா? ட்ராய் இருந்ததாகக் கருதப்படும் மேட்டை ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜெர்மானிய வியாபாரி 1870 முதல் தோண்டினார். நகரம் ஒன்று பல தடவை எரிந்து, இடிந்து, மறுபடி எழும்பியிருப்பது வெளியாயிற்று. ஆனால் ஒடிசியஸ் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு ஒரு ஓடுகூடக் கிடைக்கவில்லை. மில்மன் பாரி என்ற அமெரிக்கர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவிய நாட்டில் எழுத்து வாசனையே இல்லாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை வாய்ப்பாடமாகப் பாடுவதைப் பதிவு செய்தார். ஹோமர் காவியங்களும் அப்படிப் பல தலைமுறைப் பாடகர்கள் பாடிப் பாடி வளர்ந்தவை என்ற கருத்து அதனால் பலப்பட்டது.

ஆகவே, தெய்வம் காதில் ஓதியதாகச் சொல்லப்பட்ட பாட்டு, பாடிப் பிழைத்த மனிதர்கள் பிரபுக்கள் வீட்டு விருந்தில் உட்கார்ந்து பாடிய பாட்டு என்று ஏற்படுகின்றது. சோறு போட்டவனை எப்படிப் பாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒடிசியஸ் பிரபுக்களைக் கொல்லும்போது, காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சிய குறிகாரன் தலை போகின்றது. அதே மாதிரி கெஞ்சிய பாடகனோ உயிர் பிழைக்கின்றான். பாடகர்கள் தங்கள் ஜாதிக்காரனைக் காப்பாற்றிக் கொண்டார்கள் பார்த்தீர்களா? அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. பாட்டு யாருடைய பந்தியில் பிறந்தது என்பதை மறக்கக்கூடாது என்றுதான் சொல்லுகின்றோம்.

பிறப்புப் பெருமை

காவியத்தில் ஒடிசியஸுக்குக் கொடுக்கப்படும் பட்டங்களில் ஒன்று "சியூஸின் வழிவந்தவன்" என்பது. சியூஸ் என்பது கிரேக்கர்களின் பெரிய கடவுள். சரி, கடவுள் வழி அப்படியிருக்கட்டும். தாய் வழி என்ன என்று பாருங்கள். இவன் தாயைப் பெற்ற பாட்டன் ஆட்டோலிக்கஸ் என்பவன். திருட்டிலும், சத்தியம் செய்து ஏமாற்றுவதிலும் அவன் எல்லா மனிதரையும் மிஞ்சினவன் என்று காவியமே சொல்லுகின்றது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்லுகின்றது. அந்தத் திறமை ஹெர்மஸ் என்ற கடவுள் கொடுத்த வரமாம்! ஆடு தொடைகளை நெருப்பிலிட்டுப் படைத்தானாம். கடவுள் மகிழ்ந்து திருட்டுத் திறமையை அருளினாராம். படையல் கொடுத்தவனுக்குக் கடவுள் திருடக் கற்றுக்கொடுத்தால், படையல் கொடுக்க வழியில்லாதவன் ஒரு ஆட்டைத் திருடினாலும் அதை வரமென்று சொல்லுவார்களா? நல்லவேளை, இந்தக் கேள்வியை அக்காலத்திலேயே கேட்ட கிரேக்கர்களும் இருந்தார்கள். அதைப் பின்னால் சொல்லுகின்றோம்.

செங்கோல் யார் முதுகில் விழுந்தது?

இனி நம்முடைய முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இலியட் காவியத்தின் இரண்டாவது காண்டம். முற்றுகை ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. படையின் மனதைச் சோதிப்பதற்காக அகமெம்னன், "ஊருக்குத் திரும்பிவிடலாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லுகின்றான். சொன்னதுதான் தாமதம், படைவீரர்கள் எல்லாரும் கப்பலை நோக்கி ஓடுகின்றார்கள். அந்தச் சண்டை யாருக்கு வேண்டியிருந்தது, யாருக்கு வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஓடுகிறவர்களைத் தடுக்க ஒடிசியஸ் வருகின்றான். அகமெம்னன் கையிலிருந்த செங்கோலை வாங்கிக்கொண்டு வருகின்றான். அது சாதாரணக் கோலல்ல. கடவுள் கொல்லன் செய்து, சியூஸுக்குக் கொடுத்து, சியூஸ் ஹெர்மஸுக்குக் கொடுத்து, அவர் ஒரு அரசனுக்குக் கொடுத்து, அப்படிப் பரம்பரையாக வந்த தெய்வக்கோல் என்று காவியம் விஸ்தாரமாகச் சொல்லுகின்றது. அதை வைத்துக்கொண்டு ஒடிசியஸ் என்ன செய்கின்றான்? எதிரே வருகிறவன் அரசனாகவோ பிரபுவாகவோ இருந்தால் பக்கத்தில் நின்று நல்ல வார்த்தை சொல்லித் தடுக்கின்றான். சாதாரண மனிதனாயிருந்தால் கோலால் அடித்து, உன்னைவிடப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார் என்று அதட்டுகின்றான். பலர் ஆள்வது ஆகாது, கடவுள் கோல் கொடுத்த ஒருவனே ஆள வேண்டும் என்று உபதேசமும் செய்கின்றான். ஓடின குற்றம் ஒன்றே. ஒருவனுக்கு நல்ல வார்த்தை, மற்றவனுக்கு அடி!

எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒருவன் மட்டும் பேசுகின்றான். அவன் பெயர் தெர்சைட்டிஸ். அவனை எப்படி வர்ணிக்கிறார்கள் தெரியுமா? கோணல் கால், ஒரு காலில் நொண்டி, கூன் விழுந்த தோள், கூம்பின தலை, அதில் நாலு மயிர். ட்ராய்க்கு வந்தவர்களிலேயே அவலட்சணம் அவன்தானாம். வீரன் ஒவ்வொருவனுக்கும் அப்பன் பேர், பாட்டன் பேர், ஊர்ப்பேர் எல்லாம் சொல்லுகிற காவியம், இவனுக்கு அப்பன் பேரும் சொல்லவில்லை, ஊர்ப்பேரும் சொல்லவில்லை.

இந்த அவலட்சணக்காரன் என்ன சொன்னான்? "அகமெம்னா! உனக்கு இன்னும் என்ன குறை? உன் குடிசை நிறைய வெண்கலம்; பொறுக்கியெடுத்த பெண்கள்; எல்லாம் நாங்கள் நகரங்களைப் பிடித்து உனக்குக் கொடுத்தவை. தோழர்களே, நாம் ஊருக்குப் போவோம். இவன் இங்கேயே கிடந்து தன் கொள்ளையை அனுபவிக்கட்டும், நம்மால் இவனுக்கு உபயோகம் உண்டா இல்லையா என்று அப்போது தெரியும்" என்ற கருத்துப்படப் பேசினான்.

தோழர்களே! இதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? ஒடிசியஸ் இதற்குப் பதில் சொன்னானா? இல்லை. இன்னொரு தடவை வாயைத் திறந்தால் துணியை உரித்து அடித்து விரட்டுவேன் என்று சொல்லி, அந்தத் தெய்வச் செங்கோலால் அவன் முதுகில் அடித்தான். முதுகு தடித்து இரத்தம் கட்டிற்று. அவன் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சுற்றியிருந்தவர்கள், ஊருக்குப் போகவேண்டுமென்று சற்று முன் கப்பலுக்கு ஓடின அதே ஆட்கள், சிரித்தார்கள். ஒடிசியஸ் செய்த நல்ல காரியங்களில் இதுவே நல்லது என்று புகழ்ந்தார்கள்.

இப்பொழுது முதல் காண்டத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அக்கில்லஸ் என்ற பெருவீரன் இதே அகமெம்னனைப் பார்த்து, சண்டைபோடுவது நான், பெரிய பங்கு எடுத்துக்கொள்வது நீ. நான் ஊருக்குப் போகிறேன் என்று பேசுகின்றான். குடிகாரன், நாய்க்கண்ணன் என்று வைகின்றான். தெர்சைட்டிஸ் சொன்னதும் அதேதான். அக்கில்லஸுக்கு என்ன கிடைத்தது? அதீனா தேவியே வானத்திலிருந்து இறங்கி வந்து, "பொறுத்துக்கொள், பின்னால் உனக்கு மூன்று மடங்கு வெகுமதி கிடைக்கும்" என்று சமாதானம் செய்தாள். அக்கில்லஸின் தாய் ஒரு தேவதை. தகப்பன் ஒரு அரசன். அவன் சொன்னால் வீரம். அப்பன் பேர் இல்லாதவன் சொன்னால் திமிர். ஒருவனுக்குத் தேவி வருகின்றாள். ஒருவனுக்குக் கோல் வருகின்றது. ஒரே நியாயம் பிறப்பைக் கொண்டு இரண்டு நியாயமாகிவிட்டது.

பெண்ணுக்கு விலை நாலு மாடு

மேலே சொன்ன அக்கில்லஸ் சண்டைதான் எதற்கு? ஒரு பெண்ணுக்காக. கோவில் பூசாரி ஒருவனுடைய மகளைக் கொள்ளையில் பிடித்து அகமெம்னன் வைத்துக்கொண்டிருந்தான். கொள்ளைநோய் வந்ததால் அவளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக, அக்கில்லஸுக்குப் பங்காக வந்திருந்த பிரைசீஸ் என்ற பெண்ணைப் பிடுங்கிக்கொண்டான். பிரைசீஸின் புருஷனையும் மூன்று சகோதரர்களையும் கொன்று அவளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். இத்தனை ஆயிரம் வரிகளில் அவர்கள் "மானம், மானம்" என்று கூச்சலிடுவதெல்லாம், பிடித்துவந்த பெண் யாருடைய குடிசையில் இருப்பது என்பதைப் பற்றிய மானம். அவளுக்கு மானம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

23-ஆவது காண்டத்தில் பந்தயம் நடக்கின்றது. மல்யுத்தத்தில் ஜெயித்தவனுக்கு அடுப்பில் வைக்கிற பெரிய முக்காலி அண்டா; அதன் விலை 12 மாடு. தோற்றவனுக்கு, பலவகை வேலை தெரிந்த ஒரு பெண். அவள் விலை 4 மாடு. ஒரு அண்டாவுக்கு மூன்று பெண்கள் சமானம்! அந்தப் பந்தயத்தில் இறங்கி மல்லுக்கு நின்ற இருவரில் ஒருவன் நம் ஒடிசியஸ்தான்.

ஒடிசியஸை எடுத்து வளர்த்த கிழவி யூரிக்ளியா. பிச்சைக்காரன் வேஷத்தில் வந்த அவனைக் கால் கழுவும்போது தொடைத் தழும்பைத் தடவிப் பார்த்து, "என் குழந்தை" என்று கண்டுகொண்டவள் அவள்தான். அவளை அவன் தகப்பன் லேயர்ட்டஸ், இளம் பெண்ணாயிருந்தபோது 20 மாடு விலை கொடுத்து வாங்கினான். அவளை அவன் தொடவில்லை என்று காவியம் பெருமையாகச் சொல்லுகின்றது. காரணம் என்னவென்றால், பெண்சாதி கோபித்துக்கொள்ளுவாள் என்ற பயம்! அந்தப் பெண்ணின் இஷ்டம் என்பது கணக்கிலேயே இல்லை.

இதெல்லாம் கவியின் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. கிரேக்க நாட்டுப் பைலாஸ் என்ற இடத்தில் 1939-ல் பழைய அரண்மனையொன்றைத் தோண்டினபோது களிமண் ஏடுகள் கிடைத்தன. ஹோமர் பாட்டுக்கு 400 வருஷத்திற்கு மேல் முந்தியவை. மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர், கட்டடக் கலைஞர், பாஷா பண்டிதர் பட்டம் பெறாதவர், 1952-ல் அந்த எழுத்தை வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். வாசித்துப் பார்த்தால் அதில் வீரகாதையும் இல்லை, வேதாந்தமும் இல்லை, எல்லாம் கணக்கு! நூல் நூற்பவர், நெய்பவர், மாவரைப்பவர் என்று நூற்றுக்கணக்கான பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், ஆளுக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு அத்திப்பழம். சில கூட்டங்களுக்குக் கடலுக்கு அக்கரையிலுள்ள ஊர்களின் பெயர் போட்டிருக்கின்றது. அவர்கள் எப்படி அங்கே வந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீரனின் தொழில்

ட்ராயிலிருந்து புறப்பட்டதும் ஒடிசியஸ் செய்த முதல் காரியம், இஸ்மாரஸ் என்ற ஊரில் இறங்கிக் கொள்ளையடித்தது. ஆண்களைக் கொன்றோம், பெண்களையும் பொருள்களையும் யாருக்கும் குறைவில்லாமல் சமமாகப் பங்கிட்டோம் என்று அவனே வெட்கமில்லாமல் சொல்லுகின்றான். பங்கிடுவதில் மட்டும் சமத்துவம்! அக்காலத்தில் புதிதாக வந்தவனைப் பார்த்து, "நீங்கள் வியாபாரிகளா, கடற்கொள்ளைக்காரர்களா?" என்று மரியாதையாகவே கேட்பார்கள். கொள்ளை அப்பொழுது அவமானமாக எண்ணப்படவில்லை என்று துசிடிடீஸ் என்ற கிரேக்க சரித்திரக்காரரே எழுதிவைத்திருக்கின்றார். பிரபுக்கள் தின்றுதீர்த்த ஆடுமாடுகளை எப்படி ஈடுசெய்வது என்ற பேச்சு வந்தபோதும், பெரும்பகுதியைக் கொள்ளையடித்தே நிரப்புவேன் என்றுதான் ஒடிசியஸ் மனைவியிடம் சொல்லுகின்றான்.

ஆனால் காவியத்தில் ஒரு இடம் இருக்கின்றது. ட்ராய் அழிந்த பாட்டைக் கேட்டு ஒடிசியஸ் அழுகின்றான். எப்படி அழுதான் என்பதற்குக் கவி ஒரு உவமை சொல்லுகின்றார்: ஊரைக் காக்கச் சண்டைபோட்டு விழுந்த புருஷன்மேல் விழுந்து புரளும் பெண், பின்னாலிருந்து பகைவர்கள் ஈட்டிக்கட்டையால் முதுகில் அடித்து அடிமையாக இழுத்துப் போகும்போது எப்படி அழுவாளோ, அப்படி அழுதானாம். அந்தப் பெண்ணை அழவைத்தவன் இவனேயல்லவா! கவிக்குத் தெரிந்திருக்கின்றது, தோழர்களே. யார் முதுகில் அடி விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கின்றது. அந்த மட்டில் அவரை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

வீட்டுக்குள்ளே

இதாக்காவிலுள்ள வீட்டைப் பார்ப்போம். பன்றி மேய்க்கும் யூமேயஸ் என்ற அடிமை எஜமானனிடத்தில் மிகவும் விசுவாசமுள்ளவன் என்று காவியம் புகழ்கின்றது. 12 கொட்டகை; கொட்டகைக்கு 50 பெட்டைப் பன்றி. வெளியே 360 ஆண் பன்றி. அத்தனையையும் காப்பவன் படுப்பது அங்கேயே. இவன் யார்? ஒரு தீவு அரசனுடைய பிள்ளை. சிறு குழந்தையாயிருந்தபோது பினீஷிய வியாபாரிகள் கொண்டுபோய் லேயர்ட்டஸுக்கு விற்றார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதிப் பெண்ணும் கொள்ளைக்காரர்கள் பிடித்து விற்ற அடிமைதான். ஆகவே, அடிமைத்தனம் பிறவியில் வருவதல்ல. பலாத்காரத்தால் வருவது என்பதை இந்தக் காவியமே நிரூபித்துவிட்டது. ஒரு மனிதனை அடிமைநாள் பிடித்ததும் அவன் யோக்கியதையில் பாதியைக் கடவுள் எடுத்துவிடுகின்றார் என்று யூமேயஸ் சொல்லுகின்றான். கடவுள் எடுத்தாரா, விலைகொடுத்து வாங்கினவன் எடுத்தானா? பின்னாளில் அரிஸ்டாட்டில் என்ற பெரிய ஞானி, அடிமை என்பவன் உயிருள்ள கருவி, சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதினார். பன்றி மேய்த்த யூமேயஸின் கதையைச் சரியாக வாசித்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

அந்த வீட்டில் மாவரைக்க 12 பெண்கள். ஒரு இரவு பதினொரு பேர் அரைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். எல்லாரிலும் பலவீனமான ஒருத்தி மட்டும் விடியும்வரை தன் பங்கை அரைத்துக்கொண்டிருக்கின்றாள். வானத்தில் இடி கேட்கின்றது. "என் முழங்காலை ஒடித்த இந்தப் பிரபுக்கள் தின்பது இதுவே கடைசி விருந்தாக இருக்கட்டும்" என்று வேண்டுகின்றாள். ஒளிந்திருந்த ஒடிசியஸ் அதைக் கேட்டு, நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுகின்றான். அவ்வளவுதான்! ஒடிசியஸ் ஜெயித்தான், பிரபுக்கள் ஒழிந்தார்கள், அவள் பேர் என்ன, அவள் முழங்கால் என்ன ஆயிற்று, மறுநாள் யார் மாவரைத்தார்கள் என்பதைப் பற்றி மீதிக் காவியத்தில் ஒரு வரி இல்லை. அவளுடைய துக்கம் அவனுக்குச் சகுனமாகப் பயன்பட்டது. எஜமானன் மாறினான்; திருகை மாறவில்லை.

பன்னிரண்டு பெண்கள்

108 பேரைக் கொன்ற பிறகு ஒடிசியஸ், வீட்டிலுள்ள 50 அடிமைப் பெண்களில் பிரபுக்களோடு படுத்தவர்கள் யார் என்று கேட்கின்றான். 12 பேர் என்று தெரிகின்றது. விலைக்கு வாங்கிய பெண். வீட்டில் நூறு முரட்டு ஆட்கள். அவர்களைத் தடுக்க எஜமானியாலும் எஜமானன் பிள்ளையாலும் முடியவில்லை. இந்தப் பெண்களால் முடிந்திருக்குமா? இந்தக் கேள்வியே எழவில்லை. முதலில் அந்தப் பெண்களைக் கொண்டே பிணங்களை வெளியே தூக்கச் சொல்லி, மேஜை நாற்காலிகளைக் கழுவச் சொல்லுகின்றார்கள். வேலை முடிந்தபிறகு, வாளால் வெட்டு என்று தகப்பன் சொன்னதைக்கூட மகன் டெலிமாக்கஸ் மாற்றி, அது சுத்தமான சாவு, இவர்களுக்குத் தகாது என்று, கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடுகின்றான். கண்ணியில் அகப்பட்ட புறாக்கள் மாதிரித் தொங்கினார்கள். கால்கள் கொஞ்சநேரம் துடித்தன. நெடுநேரமில்லை என்கின்றது காவியம்.

நிற்க, அவர்களைத் தூக்கிலிடச் செய்த ஒடிசியஸின் கற்பு என்ன? ஒரு வருஷம் சிர்ஸீ என்பவளோடு. ஏழு வருஷம் கலிப்சோ என்பவளோடு. அவன் கழுத்துக்குக் கயிறு இல்லை. பெனலோப்பி வாய் திறந்தபோது, "பேச்சு ஆண்களுக்கு உரியது, நீ உள்ளே போய்த் தறியைப் பார்" என்று பெற்ற மகனே சொல்லுகின்றான். இராணிக்கு இந்தக் கதி என்றால் திருகைக்காரிக்கு எந்தக் கதி?

இந்தப் பெண்களை "பணிப்பெண்கள்", "வேலைக்காரிகள்" என்று மிருதுவாக எழுதி, தூக்கிலிடும் இடத்தில் மட்டும் மூலத்தில் இல்லாத வேசி என்ற வசவைச் சேர்த்த மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. 2017-ல் எமிலி வில்சன் என்ற பெண்மணி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அடிமையை அடிமை என்றே எழுதி, அந்த வசவையும் நீக்கினார். ஒரு வார்த்தையைச் சரியாகப் போட்டதும் வீரனுடைய வீடு எப்படித் தெரிகின்றது பாருங்கள்!

"அந்தக் காலத்து நியாயம்"

"அந்தக் காலத்து நியாயம் அது; இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நாம் கேட்கின்றோம்: அந்தக் காலத்தில் யாருடைய நியாயம் அது? தெர்சைட்டிஸ் அந்தக் காலத்து மனிதனல்லவா? திருகைக்காரி அந்தக் காலத்துப் பெண்ணல்லவா? கடைசிக் காண்டத்தில், மகனைப் பறிகொடுத்த யூபீதிஸ் என்ற கிழவன் சபையில் எழுந்து, இவன் கப்பல்களையும் ஆட்களையும் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டுத் தான் மட்டும் வந்தான். வந்ததும் மிஞ்சியிருந்தவர்களையும் கொன்றான் என்று கேட்கவில்லையா? 12 கப்பலில் போனவர்களில் ஒடிசியஸ் தவிர ஒருவன்கூடத் திரும்பவில்லை என்பது வாஸ்தவந்தானே! அந்தக் கிழவனுக்குக் கிடைத்த பதில் ஒரு ஈட்டி. ஆகவே எந்தக் காலத்திலும் நியாயம் இரண்டு இருந்திருக்கின்றது. ஒன்று கோல் பிடித்தவன் நியாயம். மற்றொன்று முதுகு காட்டியவன் நியாயம். காவியம் முதலாவதைப் பாடிற்று. இரண்டாவதைக் கண்டுபிடித்துச் சொல்லுவது வாசிக்கிறவன் வேலை.

அன்றியும், கிரேக்கர்களே இதைச் செய்தார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஜெனோபனிஸ் என்ற அறிஞர், திருட்டு, விபசாரம், ஏமாற்று ஆகிய மனிதர்கள் வெட்கப்படும் காரியங்களையெல்லாம் ஹோமர் கடவுள்களின் தலையில் கட்டிவிட்டார் என்று கண்டித்தார். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் அவை தங்களைப் போலவே கடவுளை எழுதும் என்றும் சொன்னார். ஹெராக்ளிட்டஸ் என்பவர் ஹோமரையே அடித்துப் போட்டியிலிருந்து விரட்ட வேண்டும் என்றார். கி.மு. 416-ல் ஏதென்ஸ்காரர்கள் மீலோஸ் என்ற தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அடுத்த வருஷமே யூரிபிடீஸ் என்ற நாடக ஆசிரியர் "ட்ராய்ப் பெண்கள்" என்ற நாடகத்தை அதே ஏதென்ஸ் மேடையில் ஏற்றி, தூக்கியெறிந்து கொல்லப்பட்ட குழந்தையையும் அழுகிற தாய்மார்களையும் காட்டினார். அந்தக் குழந்தையைக் கொல்ல யோசனை சொன்னவன் ஒடிசியஸ் என்று காட்டினார். இதனால் வானம் இடிந்து விழவில்லை. கிரேக்க நாடு கெட்டுப்போகவில்லை. கேள்வி கேட்ட அந்த அறிஞர்களால்தான் அந்த நாட்டுக்குப் பேர் வந்தது.

கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்தால் என்ன வரும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கின்றது. அலெக்சாண்டர் தன்னை அக்கில்லஸ் வம்சம் என்று சொல்லிக்கொண்டவன். இலியட் பிரதியைத் தலையணைக்கடியில் குத்துவாளோடு வைத்துப் படுத்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். அவன் கி.மு. 335-ல் தீப்ஸ் என்ற கிரேக்க நகரத்தையே தரைமட்டமாக்கி, 30,000 பேரை அடிமைகளாக விற்றான் என்று பழைய ஆசிரியர்கள் கணக்குச் சொல்லுகின்றார்கள். பிள்ளையின் தலையணைக்கடியில் எதை வைக்கிறோமோ அது ஒரு நாள் வெளியே வரும், தோழர்களே!

முடிவு

ஒரு சங்கதி சொல்லி முடிக்கின்றோம். ஒடிசியஸ் பாதாளத்தில் செத்துப்போன அக்கில்லஸைப் பார்த்து, "நீ இங்கும் அரசனாயிருக்கிறாயே, உனக்கென்ன குறை" என்று புகழ்கின்றான். அதற்கு அக்கில்லஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாயிருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடத்தில் கூலிக்கு வேலை செய்துகொண்டு உயிரோடிருப்பது மேல் என்று பதில் சொல்லுகின்றான். இந்த வரிகளை அடித்துவிட வேண்டும், வாலிபர்கள் சாகப் பயப்படுவார்கள் என்று பிளேட்டோ எழுதினார். ஏன் அடிக்க வேண்டும்? வீரம், கீர்த்தி, பரலோகம் என்று சொல்லி ஜனங்களைச் சாக அனுப்புகிறவர்களுக்கு, செத்த வீரனே கொடுத்த பதில் அது. அத்துடன், உலகத்திலேயே கடைப்பட்ட நிலைமை என்று அந்தப் பிரபுவுக்குத் தோன்றியது எது என்றும் பாருங்கள்: கூலிக்கு உழைப்பது! ஊருக்குச் சோறு போடுகிறவன் நிலைமையே அவனுக்குக் கீழ்நிலைமை.

ஹோமர் காவியங்களை எரிக்கவோ மறக்கவோ நாம் சொல்லவில்லை. வாசியுங்கள், நன்றாக வாசியுங்கள். பாட்டின் அழகை அழகென்றே சொல்லுங்கள். ஆனால் எந்த நாட்டுக் காவியமானாலும், எந்த வீரனானாலும், அவன் கையிலுள்ள கோலைப் பார்த்துக் கைகூப்புவதற்கு முன், அது யார் முதுகில் விழுந்தது என்று ஒரு தடவை பாருங்கள். விருந்தைப் பற்றிப் பாடும்போது, மாவு யார் அரைத்தது என்று கேளுங்கள். அப்பன் பேர் சொல்லப்படாதவன் பேசினால், அவன் உருவத்தைப் பார்த்துச் சிரிக்காமல், அவன் சொன்னது மெய்யா பொய்யா என்று பாருங்கள். அன்று அந்தக் கூட்டம் சிரிக்காமல் எழுந்து நின்றிருந்தால், பதினாயிரக்கணக்கானவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். நாம் சிரிக்கிற கூட்டமாக இருக்கப் போகின்றோமா, எழுந்து நிற்கிற கூட்டமாக இருக்கப் போகின்றோமா என்பதுதான் கேள்வி.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். புத்தகம் இந்த வாசகசாலையிலேயே இருக்கின்றது, எடுத்துப் பாருங்கள், உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.